ஜிம் முடிந்து குடிப்பதும் காலையில் விடுபடுவதும்: கிளிநொச்சியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வருபவருக்கு 21 வயது. பரந்தனுக்குக் கிழக்கே ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பகலில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் வேலை. 50 கிலோ சீமெந்துப் பைகளை லொறியிலிருந்து இறக்குவதும் ஏற்றுவதும்தான் அதில் பாதி. மாலையில் கிளிநொச்சி நகரில் ஒரு ஜிம். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் தம்பி என்றே குறிப்பிடுகிறேன்.

எடை தூக்கத் தொடங்கி நாலு மாதம் ஆன நிலையில் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். உயரம் 171 சென்ரிமீற்றர். தொடங்கும்போது நிறை 54 கிலோ, வந்த அன்று 55.5. பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சுக்கு மேலே எடையைத் தள்ளுவது) 40 கிலோவில் பல வாரமாக நின்றுவிட்டது. வயிறு ஊதுகிறது, அடிக்கடி இளகிப் போகிறது, இரவில் பசியில்லை. தோள் நோவுக்குப் பார்மசியில் குளிசை வாங்கிப் போடுகிறார். இவ்வளவும் நான் கேட்டுக் கேட்டு எடுத்தவை. அவராகக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அண்ணா, ஜிம் முடிஞ்சு அரை மணித்தியாலத்துக்குள்ள சேக் குடிக்காட்டில் செய்த எக்சசைஸ் எல்லாம் வீணாம். உண்மையோ?”

அந்த அரை மணித்தியாலத்தை அவர் அவ்வளவு நம்பியிருந்தார். சேக் கலக்கும் புரதப் பவுடர் தீர்ந்த நாட்களில், குடிக்க ஒன்றுமில்லாமல் செய்து என்ன பலன் என்று ஜிம்முக்கே போகாமல் விட்டிருக்கிறார்.

ஒரு நாள் சாப்பாடு

சேக்கைப் பற்றிப் பேசுவதற்கு முதல், முந்தின நாள் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் போனதையெல்லாம் சொல்லச் சொன்னேன். வழமையான நாள்தானா என்று தாயாரிடமும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். (தாய்மாரிடம் கேட்பது நல்லது. பெடியள் தேத்தண்ணியோடு தின்ற றோல்ஸையும் மறப்பார்கள், தின்னாமல் மிச்சம் வைத்த சோற்றையும் மறப்பார்கள்.)

காலையில் சீனி போட்ட பிளேன்டீ, கால் இறாத்தல் பாண், சம்பல். இதில் புரதம் ஏறக்குறைய 10 கிராம். மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல். நிறையச் சோறு, தண்ணியாய் ஓடும் பருப்பு, கறிக்குள் தேடிப் பிடிக்க வேண்டிய ஒரு மீன் துண்டு. தாராளமாகக் கணக்குப் பார்த்தாலும் 25 கிராம். ஜிம்முக்குப் போகிற வழியில் வடையும் தேத்தண்ணியும், 5 கிராம். ஜிம் முடிந்ததும் சேக்காக ஒரு கரண்டி மாஸ் கெயினர் (நிறை கூட்டவென்று விற்கும் மா), 11 கிராம். இரவுக்குப் புட்டும் சொதியும். அதுவும் பாதிதான், ஏனென்றால் சேக் வயிற்றை அடைத்துவிடுகிறது. அதில் 5 கிராம்.

மொத்தம் 56 கிராம். ஒரு கிலோ நிறைக்கு ஒரு கிராம் அளவில் வருகிறது. எடை தூக்கிப் பயிலும் ஒருவருக்கு நாளொன்றுக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் வரை பயன் தருகிறது என்பது 2018இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவச் சஞ்சிகையில் வந்த தொகுப்பாய்வின் முடிவு. 49 ஆய்வுகளையும் 1,863 பேரையும் சேர்த்துப் பார்த்த கணக்கு அது. அதற்கு மேலே போனால் தசைக்குக் கூடுதலாகக் கிடைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தம்பியின் நிறைக்கு ஏறக்குறைய 89 கிராம் வரும். குறைவது 30 கிராமுக்கு மேல்.

இந்தக் குறை எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். விடியற்காலை தொடங்கி மத்தியானம்வரை, அதுவும் மூட்டை சுமக்கிற நேரத்தில், உடம்புக்குக் கிடைத்தது 10 கிராம். ஜிம்முக்குப் பின்னான அரை மணித்தியாலத்தை அவர் காசு கொடுத்துக் காவல் காத்தார். காலையில் ஓட்டை திறந்தபடியே கிடந்தது.

அரை மணித்தியாலக் கதை

இந்தக் கதை முழுப் பொய்யுமல்ல. எடை தூக்கிய பின் தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலை கூடுகிறது, அந்நேரத்தில் வரும் புரதத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது. ஆனால் அந்த வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுவதில்லை. ஒரு நாள் தாண்டியும் நீள்கிறது, புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இரண்டு நாள்வரைகூட. நேரம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2013இல் பார்த்தபோது, உடனே குடித்தவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரிந்த நன்மை, அவர்கள் மொத்தத்தில் கூடப் புரதம் சாப்பிட்டதால் வந்தது என்றே முடிந்தது. நாள் முழுதும் சாப்பிட்ட அளவைச் சமப்படுத்தியதும் வித்தியாசம் மறைந்துவிட்டது.

தம்பி ஜிம்முக்குப் போவது மாலை ஆறு மணிக்கு. ஏழரைக்கு முடித்து எட்டரைக்கு வீட்டில் சாப்பிடுகிறார். அந்த இராச்சாப்பாடு ஒழுங்காக இருந்தால் அதுவே பயிற்சிக்குப் பின்னான உணவு. வேறொன்றும் தேவையில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி செய்பவர் என்றால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அவருக்கு முந்தின இரவிலிருந்தே புரதமில்லை, அதனால் முடிந்த கையோடு சாப்பிடுவது நல்லது.

மாப்பொருளும் அப்படித்தான். தசையில் செலவான சர்க்கரைச் சேமிப்பை உடனே நிரப்ப வேண்டுமென்பது ஒரே நாளில் இரண்டாம் தடவையும் போட்டியிடுகிற ஆட்களுக்கு. அடுத்த நாள் மாலைதான் மறுபடி ஜிம் என்றால் சோறும் புட்டும் அதைப் பார்த்துக்கொள்ளும். வன்னியில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, இரணைமடு வாய்க்கால் ஓடுகிற பக்கமென்றால் சொல்லவே வேண்டாம். தட்டில் சோறு மலையாய் இருக்கும், பக்கத்தில் கறி இல்லை என்பதுதான் இங்கே வழமையாக நான் காண்கிற குறை.

டின்னுக்குள் என்ன

மறுமுறை வரும்போது டின்னைக் கொண்டுவரச் சொன்னேன். முகநூலில் பார்த்து, நண்பர் மூலம் கொழும்பிலிருந்து எடுப்பித்தது. விலை அவருடைய மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒன்று. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 50 கிராம் புரதம் என்று இருந்தது. பின்பக்கத்துப் பொடியெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தோம். மூன்று கரண்டியை அரை லீற்றர் பாலில் கலந்தால் 50 கிராமாம். அதில் 16, 17 கிராம் பாலிலிருந்தே வருகிறது. தம்பி போட்டது ஒரு கரண்டி, டின் கனநாள் வர வேண்டும் என்று. 75 கிராம் மாவில் 11 கிராம் புரதம், 57 கிராம் மாப்பொருள். சேர்பொருள் பட்டியலில் முதலாவது மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாச்சத்தை உடைத்துச் செய்யும் மலிவான பொருள். பட்டியலில் முதலில் வருவதுதான் டின்னுக்குள் அதிகம் இருப்பது.

இரண்டு அவித்த முட்டையில் 12 கிராம் புரதம் இருக்கிறது. இதைச் சொன்னதும் தம்பி சிரிக்கவில்லை. தவணை முறையில் இன்னும் காசு கட்டிக்கொண்டிருந்தார்.

டின்னில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி ஒட்டப்படவில்லை. உள்மூடி ஏற்கனவே பிய்ந்திருந்ததாம். இப்படிப்பட்டதை வாங்கவே கூடாது என்பது என் கருத்து, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். புரத மாக்களில் ஏமாற்றுவதற்குச் சுலபமான வழி உண்டு. ஆய்வுகூடத்தில் வழமையாக அளப்பது நைதரசனை, அதை வைத்தே புரதத்தைக் கணிக்கிறார்கள். கிளைசீன், டோரின் போன்ற மலிவான பொருட்களிலும் நைதரசன் உண்டு. அவற்றைக் கலந்தால் கணக்கில் புரதம் கூடும், தசைக்குப் போவது கூடாது.

வயிற்றுப் பிரச்சினையின் காரணமும் இங்கேதான் கிடைத்தது. சுவைக்காக அதற்குள் இரண்டு மேசைக்கரண்டி பால்மாவும் போட்டு அடித்திருக்கிறார். வளர்ந்த பிறகு பாற்சர்க்கரை செரிக்காதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பால் குடித்தால் வயிறு ஊதுகிறவருக்குச் சாதாரண வே (whey) புரத மாவும் அதையே செய்யும், அதுவும் பாலிலிருந்து எடுப்பதுதானே. பெரும்பாலும் தயிர் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் புளிக்கும்போதே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு குறைந்துவிடும். தம்பிக்கும் தயிர் தொந்தரவு தருவதில்லை. சேக்கை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் வயிறு அடங்கிவிட்டது.

கிரியேட்டினினும் பெரியப்பாவும்

இதுதான் இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

மாஸ் கெயினரோடு ஒரு சிறிய போத்தல் கிரியேட்டினும் (எடை தூக்கும் பலத்தைக் கூட்ட எடுப்பது) வந்திருந்தது. நண்பர் சொன்னபடி முதல் வாரம் நாளுக்கு 20 கிராம், அப்புறம் 5. நிறை ஒன்றரைக் கிலோ ஏறியது அந்த முதல் வாரத்தில்தான். தசைக்குள் தண்ணீர் சேர்வதால் வருகிற நிறை அது. அதைத் தசை வளர்ந்ததாக எண்ணியே அவர் உற்சாகப்பட்டிருந்தார். நாலு மாத உழைப்பில் உண்மையாக வளர்ந்தது மிகக் கொஞ்சம்.

செட்டிகுளத்தில் இருக்கும் பெரியப்பா சிறுநீரக நோயாளி, டயாலிசிஸ் செய்கிறார். தொண்ணூறுகளில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத அந்தச் சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இருக்கிறது. அதனால் குடும்பத்தில் பயம். தாயாரின் வற்புறுத்தலில் இரத்தப் பரிசோதனை செய்தபோது கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, இரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார்கள்) 1.35 என்று வந்தது. ஆய்வுகூடம் தந்த மேல் எல்லை 1.2. வீட்டில் அழுகை. “அந்த மாவாலதான் கிட்னி போச்சு” என்று அயலில் தீர்ப்பும் வந்துவிட்டது.

நான் வைத்தியரல்ல. முதலில் செய்தது அவரை வைத்தியரிடம் அனுப்பியதுதான். ஆனால் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்: கிரியேட்டின் குடிக்கிறார், பரிசோதனைக்கு முதல் நாள் கடுமையாகக் கால் பயிற்சி செய்தார், தோள் நோவுக்கு டைக்ளோபெனாக் என்ற வலிக்குளிசை போடுகிறார். கிரியேட்டின் உடம்பில் கிரியேட்டினினாகத்தான் மாறி வெளியேறுகிறது. அதைக் குடிப்பவருக்கு, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகாமலே இரத்தத்தில் அந்த அளவு கூடித் தெரியலாம். கடும் பயிற்சியும் அதைக் கூட்டும். இதைச் சொல்லாமல் வெறும் ரிப்போட்டை மட்டும் நீட்டினால் வைத்தியரும் பாவம், என்ன செய்வார்?

வைத்தியர் கிரியேட்டினையும் குளிசையையும் நிறுத்தச் சொன்னார். இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்த்தார். சில வாரங்கள் கழித்து, முந்தின மூன்று நாட்கள் ஜிம்முக்குப் போகாமல் மறுபடி எடுத்தபோது 1.0. இனி வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்து நோய் ஆரம்பத்தில் சிறுநீரில் புரதத்தைக் காட்டாமலே வரக்கூடியது. ஆகவே சிறுநீர் சுத்தம் என்ற ஒன்றை மட்டும் வைத்து நிம்மதியடைய முடியாது.

என் கணிப்பில் அந்த மூன்றிலும் ஆபத்தானது குளிசைதான். வெயிலில் மூட்டை சுமந்து, தண்ணீர் காணாமல், வியர்த்துக் காய்ந்த உடம்போடு அந்த வகை வலிக்குளிசைகளை நாட்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்கு நேரடியான அடி. கிரியேட்டினைப் பற்றி அழுதவர்கள் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயிற்சிக்குப் பின் வருகிற சாதாரண உடம்பு உளைவு இரண்டு மூன்று நாளில் தானாகப் போகும். போகாத நோவு என்றால் தூக்கும் முறையில் பிழை இருக்கலாம். தம்பிக்குப் பிழை பெஞ்சில் முழங்கையை அகலமாக விரித்ததில் இருந்தது. திருத்தினோம், தோள் நோவு குறைந்தது.

கிரியேட்டின் நல்ல ஆதாரமுள்ள பொருள். நலமான ஒருவர் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுத்தால் போதும், 20 கிராம் வாரம் அவசியமேயில்லை. மூன்று கிராம் என்றாலும் நாலு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். ஆனாலும் குடும்பத்தில் இந்த நோய் உள்ள, ஆண்டுதோறும் கிரியேட்டினின் பார்க்க வேண்டிய ஒருவருக்கு அதை நான் சொல்லமாட்டேன். கிடைக்கிற பலம் கொஞ்சம், ரிப்போட்டைக் குழப்புவது நிச்சயம். தம்பியும் விட்டுவிட்டார்.

மாற்றியவை

காலைச் சாப்பாட்டில் தொடங்கினோம். புட்டோடு அவித்த பயறு ஒரு கோப்பை, இரண்டு முட்டை. தாயார் எப்படியும் விடிய எழும்பிப் புட்டு அவிக்கிறவர், பயறை இரவே ஊறவைத்தால் மேலதிக வேலை பெரிதில்லை. இதிலேயே 30 கிராம் சேர்ந்துவிட்டது. முட்டையை அதுவரை பச்சையாக உடைத்துக் குடித்து வந்திருக்கிறார், வாரத்தில் ஓரிரு நாள், யாரோ ஜிம்மில் சொல்லி. 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள். அவித்த முட்டையின் புரதத்தில் 91 வீதம் உறிஞ்சப்படுகிறது, பச்சை முட்டையில் 51 வீதம்தான். கிருமிப் பயம் வேறு.

மத்தியானத்துக்கு வீட்டுச் சாப்பாடு. பருப்பைத் தடிப்பாகக் காய்ச்சச் சொன்னேன். மீன் ஒரு துண்டு இரண்டாகியது. குளத்துத் திலாப்பியா மலிவாகக் கிடைக்கிறது, முல்லைத்தீவுச் சூடை வருகிற நாளில் அதுவும். பெரிய மீன்தான் சத்து என்ற எண்ணம் தேவையில்லை. மாலையில் வடைக்குப் பதில் ஒரு கை கச்சானும் இரண்டு வாழைப்பழமும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது எல்லோரும் வாங்கிக் கொறிக்கிற அதே வறுத்த கச்சான்தான், 100 கிராமில் 25 கிராம் புரதம், கலோரியும் தாராளம். இவரைப் போல் ஒல்லியானவருக்கு அந்தக் கலோரி வேண்டும். தொப்பையோடு வருகிறவருக்கு நான் கைப்பிடியை எண்ணிக் கொடுப்பேன்.

இரவில் ஜிம்மிலிருந்து வந்ததும் சோறோ புட்டோ, முட்டைப் பொரியலோ மீனோ, முடிந்தால் தயிர். முன்பு பாதி வயிற்றோடு எழும்பியவர் இப்போது முழுதாகச் சாப்பிடுகிறார். புரதம் ஒரு நாளைக்கு 90 கிராமைத் தாண்டியது.

வெள்ளிக்கிழமைதான் சிக்கல். வீடு சைவம், முட்டையும் ஏறாது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் தொடங்கினால் பல நாள் அப்படியே. இதற்குச் சோயா மீற் கை கொடுத்தது, காய்ந்த நிலையில் 100 கிராமில் 50 கிராம் அளவில் புரதம் உண்டு. ஒரு கறிக்கு 30 கிராம் போதும். உளுத்தங்களியையும் சொன்னேன். உளுந்து வன்னியில் விளைகிற பொருள், கடையில் தேட வேண்டியதில்லை. தம்பிக்கு வெட்கம் வந்துவிட்டது. “அண்ணா, அது பெரியபிள்ளை ஆன பெட்டையளுக்கெல்லோ குடுக்கிறது.” தசைக்கு அது தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். தங்கைக்குச் செய்கிறபோது சேர்ந்து சாப்பிடுகிறாராம், ஜிம்மில் யாருக்கும் சொல்ல வேண்டாமாம்.

இன்னொன்றையும் மறுத்தேன். அக்கா கர்ப்பிணி, தாய்-சேய் கிளினிக்கில் திரிபோஷ கொடுக்கிறார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த நல்ல மா, ஜிம் பெடியள் சிலர் அதில் கை வைப்பதும் எனக்குத் தெரியும். அது அக்காவுக்கும் வயிற்றிலுள்ள பிள்ளைக்கும் அளந்து கொடுத்தது. அதைத் தின்று நெஞ்சு அகலமாக வேண்டியதில்லை.

பயிற்சியையும் மாற்றினேன். வாரத்தில் ஆறு நாளும் பெரும்பாலும் நெஞ்சும் கையும் என்றிருந்ததை மூன்று நாள் முழு உடம்பு என்று ஆக்கினோம். குந்தி எழும்புவது (ஸ்குவாட்), தரையிலிருந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது. வேலைத்தலத்துக்கு இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தல், பின்னேரம் உப்புப் போட்ட மோர்.

மூன்று மாதம் கழித்து

நிறை 59 கிலோ. இடுப்புச் சுற்றளவு மாறவில்லை. பெஞ்ச் 40இலிருந்து 52.5 கிலோவுக்கும், ஸ்குவாட் 50இலிருந்து 75க்கும் போயின. வயிற்றுத் தொந்தரவு இல்லை. கடையில் மத்தியானத்துக்குப் பின் வருகிற களைப்பு போய்விட்டது என்பது அவர் தானாகச் சொன்னது.

இதில் எவ்வளவு சாப்பாட்டால், எவ்வளவு பயிற்சி மாற்றத்தால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றினோம், ஆளும் ஒருவர்தான். என்னைக் கேட்டால் பெரிய பங்கைப் பயிற்சிக்கே கொடுப்பேன். மேலே சொன்ன 2018 தொகுப்பாய்வில்கூட, புரதம் கூட்டிக் கொடுத்ததால் சராசரியாகக் கிடைத்த மேலதிகத் தசை ஏறக்குறைய 0.3 கிலோதான். எடை தூக்குவது தருவதோடு ஒப்பிட்டால் அது சின்னத் துண்டு. சப்ளிமென்ட் விற்கிறவர் யாரும் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டமாட்டார்.

தம்பி இப்போது கேட்பது, நல்ல வே மா வாங்கலாமா என்று. வாங்கலாம், வயிறு ஒத்துக்கொண்டால். பால் புரதத்தில் குறையொன்றுமில்லை, 30 கிராம் கரண்டியில் 24 கிராம் வருகிற சுத்தமான மா காலையில் சமைக்க நேரமில்லாதவருக்கு உதவும். அவருக்குக் காலையில் புட்டும் பயறும் தயாராக வருகிறது. டின்னுக்குக் கட்ட வேண்டிய தவணையும் முடியவில்லை. பிசிஏஏ (புரதத்தின் சில கூறுகளை மட்டும் தனியே எடுத்து விற்பது), பிரீ வேர்க்கவுட் (பயிற்சிக்கு முன் குடிப்பது) என்று அடுத்த பட்டியல் நண்பரிடமிருந்து வந்திருக்கிறது. முதலாவது, போதிய புரதம் சாப்பிடுகிறவருக்குத் தேவையற்றது. இரண்டாவது பெரும்பாலும் கஃபீன். மாலை ஆறு மணிக்குக் குடித்தால் இரவு நித்திரை போகும், தசை வளர்வதற்கு அந்த நித்திரை வேண்டும்.

காலபோக அறுவடை தொடங்கினால் தகப்பனோடு வயலுக்கு இறங்க வேண்டும், ஜிம் சில வாரம் இல்லை. மிசின் வெட்டினாலும் நெல் மூட்டையை ஏற்றுவது ஆட்கள்தான். அந்த நாட்களுக்குச் சாப்பாட்டைக் குறைக்காமல் அப்படியே வைக்கச் சொன்னேன், சோற்றை மட்டும் கொஞ்சம் கூட்டி. திரும்பி வந்ததும் பெஞ்ச் 45இலிருந்து ஏறுவோம்.